வேரோனிக்கா போட்ட நடுக்கோடு

பிக்கரிங் தாண்டி நானூற்றியொன்றாம் நெடுஞ்சாலையில் கிழக்கே போகிறவர்கள் கண்டிருக்கலாம். சில இடங்களில் தெருவோரத்தில் குறுக்காக ஒரு தடித்த வெள்ளைக்கோடு கிடக்கும். அதிலிருந்து சரியாக அரைக் கிலோமீற்றரில் இன்னொன்று. அதற்கங்கால் இன்னொன்று. கார் ஓட்டுகிறவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அது மேலே இருப்பவர்களுக்காகப் போட்ட கோடு.

மேலே என்றால் விமானத்தில். சின்ன விமானம், விமானிக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ்காரர். கீழே ஒரு வண்டி முதல் கோட்டைக் கடக்கும்போது அவர் கையிலிருக்கும் கடிகாரத்தை அமுக்குவார். அடுத்த கோட்டைக் கடக்கும்போது மறுபடி அமுக்குவார். ஐந்நூறு மீற்றரை எத்தனை செக்கனில் கடந்தது என்று தெரிந்தால் வேகம் தெரிந்துவிடும். உடனே வானொலியில் கீழே சொல்லுவார்: நடு லேன், வெள்ளி நிறக் கார். நெடுஞ்சாலைக்கு ஏறுகிற பாதையில் காத்து நிற்கிற பொலிஸ் வந்து அந்தக் காரை ஓரம் கட்டுமட்டும் மேலே இருப்பவர் கண்ணை எடுக்க மாட்டார். இதைக் கேள்விப்படும்வரை நான் விமானத்தில் ஏதோ பெரிய கருவி பூட்டியிருக்கிறார்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு கடிகாரமும் இரண்டு கோடுமாம். இதற்காகவா நான் இரண்டு தரம் தண்டம் கட்டினேன் என்று எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

எனக்கு இதைச் சொல்லித் தந்தவள் வேரோனிக்கா. மல்வேர்னில் எங்கள் வீட்டு வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரி. நாற்பத்தேழு வயது, மன்னார்ப் பக்கம். தெருக்களில் கோடு போடுகிற ஒரு கொம்பனியில் பதினாலு வருடமாக வேலை செய்கிறாள். முதல் மூன்று வருடம் வெயிலிலும் குளிரிலும் வாகனங்களை நிற்பாட்டும் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவள். பிறகு மெல்ல மெல்ல அளக்கிற பகுதிக்கு வந்து, கடைசியில் அந்தக் குழுவுக்கே பொறுப்பானாள். ஆர் கொண்டுபோய் விட்டது என்று கேட்டால் ஒருவருமில்லை. மற்றவர்கள் அளந்ததைப் பார்த்துச் சகிக்க முடியாமல் தானே நாடாவை வாங்கி அளந்து காட்டினாள்; அவ்வளவுதான்.

அளவு விஷயத்தில் அவள் ஒரு கரைச்சல் பிடித்த மனுசி. எங்கள் வீட்டில் மாட்டியிருந்த மாதா படத்தை ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, தேத்தண்ணி ஆறமுன்னம் எழும்பிப் போய் ஆணியை மாற்றி அடித்துவிட்டு வந்தாள். கோயிலில் சனம் இருக்கிற வாங்குகள் கோணலாகக் கிடந்தால் பூசை முடியுமட்டும் அவளுக்குச் செபம் ஓடாது. அவளுடைய கணவர் சூசைதாசன் அதிகம் வாய் திறவாத மனிதர். அவரும் ஒருமுறை என்னிடம், இவளோடு இருந்து இருந்து தானும் சாப்பிடுகிற பாணைக்கூட அளந்து வெட்டப் பழகிவிட்டதாகச் சொன்னார். அவர் சிரிக்காமல் சொன்னதால் பகிடியோ உண்மையோ என்று எனக்குத் தெரியவில்லை.

போன செப்டெம்பர் நீள்வார விடுமுறையின் வெள்ளிக்கிழமை அவளுடைய தம்பி றெமிஜியஸ் அந்த விமானத்தின் கண்ணில் மாட்டினான். அவன் பிக்கரிங்கில் இருக்கிறான். பள்ளிக்கூட வான் ஓட்டுகிற வேலை. சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைகளையும் ஏற்றி இறக்குகிறவன். வேலையில் பொறுமைசாலி என்று பெயர். தன்னுடைய சொந்தக் காரில் ஏறினால் மட்டும் ஏதோ வந்து பிடிக்கும். அன்றைக்குச் சிநேகிதர்களோடு மீன்பிடிக்கப் போனவனை மறித்து, நூறு போகவேண்டிய இடத்தில் நூற்று நாற்பத்தெட்டு என்று ரிக்கற் எழுதிக் கொடுத்தார்கள்.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நூறு போகவேண்டிய இடத்தில் நூற்று ஐம்பதைத் தொட்டால் கதையே வேறு. அதற்கு ஸ்ரண்ட் என்று பெயர். அந்த இடத்திலேயே லைசென்ஸை வாங்கிவிடுவார்கள். காரைக் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். லைசென்ஸ் ஒரு மாதத்துக்கு இல்லை, கார் இரண்டு கிழமைக்கு இல்லை. வழக்கு அதற்குப் பிறகு. றெமிஜியஸின் கொம்பனி விதியும் அப்படித்தான். நூற்று நாற்பத்தெட்டு என்றால் எச்சரித்துக் கடிதம் தருவார்கள். ஸ்ரண்ட் என்று தீர்ப்பு வந்தால் பிள்ளைகளின் வானைத் திரும்பத் தொட விடமாட்டார்கள்.

இரண்டு கிலோமீற்றர் வித்தியாசத்தில் தப்பினவன் தண்டத்தைக் கட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இவன் இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தமக்கை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டே தொடங்கினான். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். தான் நூற்று முப்பதுக்கு மேல் போகவேயில்லையாம். விமானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு எறும்பு மாதிரித்தான் தெரியுமாம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "கோடு பிழை அக்கா. உங்கட கொம்பனி போட்ட கோடுதானே," என்றான்.

வேரோனிக்கா கறிச்சட்டியை மேசையில் வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "உன்னைப் பிடிச்ச இடத்தில நடுக்கோடு நான் நிண்டு அளந்து போட்டது. அது பிழைக்காது. நீதான் பிழை."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

வழக்கு மே மாதத்துக்கு வைக்கப்பட்டது. றெமிஜியஸ் பிடித்த பரலீகல், அதாவது முழு வழக்கறிஞராக இல்லாமல் சின்ன வழக்குகளுக்கு நின்று பேசுகிறவர், பத்மநாதன். ரிக்கற் வழக்குகளில் பழம் தின்று கொட்டை போட்ட மனிதர். தமிழ் வானொலியில் காலையும் மாலையும் அவருடைய விளம்பரம் போகும். பொலிஸ் தரப்புக் கடதாசிகளை எடுத்துப் பார்த்துவிட்டு, முதல் கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்குப் பன்னிரண்டு தசம் ஒன்று ஆறு செக்கன் என்று எழுதியிருப்பதாகச் சொன்னார். கடிகாரத்தில் பிழை பிடிக்க முடியாது, கோட்டில்தான் பிடிக்கவேண்டும் என்பது அவருடைய கணிப்பு. அளந்த ஆளே குடும்பத்தில் இருப்பது அதிர்ஷ்டம் என்றும், கோடுகள் சில நேரம் பிழைக்கலாம் என்று வேரோனிக்கா பொதுவாக ஒரு சொல் சொன்னால் போதும் என்றும் சொல்லியனுப்பினார். அவள் முடியாது என்று திருப்பிச் சொல்லியனுப்பினாள்.

ஆனால் அவளுக்கு நித்திரை கெட்டது. இதைப் பல மாதம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள்.

அந்த நடுக்கோடு போட்டது அதே வருடம் ஜூனில். பழைய கோட்டின் மேலே புதுத் தார் போட்டுவிட்டார்கள். முதல் கோடும் கடைசிக் கோடும் அப்படியே இருக்க, நடுவில் மட்டும் புதிதாக அளந்து போடவேண்டியிருந்தது. வழமை என்னவென்றால் முதலில் நாடாவால் அளப்பது. பிறகு தடியில் பூட்டிய சக்கரத்தை உருட்டிக்கொண்டு மறுபக்கமிருந்து இரண்டாந்தரம் அளப்பது. இரண்டும் ஒத்துவந்தால்தான் கோடு போடுகிற மையைத் தொடலாம். அன்றைக்கு மழை இருட்டிக்கொண்டு வந்தது. தெருவோரத்தை வாகனங்களுக்கு மூடிவைக்கக் கொடுத்த நேரமும் முடியப்போனது. மேலாளர் வானொலியில் கத்திக்கொண்டிருந்தார். வேரோனிக்கா நாடாவால் அளந்ததோடு மையைப் போடச் சொன்னாள். மழைக்கு முன்னம் கோடு காய்ந்தது. படிவத்தில் இரண்டு தடவை அளந்தது என்ற இடத்தில் சரி போட்டுக் கையெழுத்தும் வைத்தாள். பதினாலு வருடத்தில் அப்படிச் செய்தது அந்த ஒரே ஒருநாள்தான்.

தம்பியின் மேசைப்பேச்சுக்கு அவள் சீறி விழுந்ததற்குக் காரணம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். சரியாகச் செய்தவனுக்குக் கோபம் வருவதில்லை.

பனி கரைந்து ஏப்ரலில் வேலை தொடங்கியதும், அந்தப் பகுதியின் ஓரக்கோடுகளைப் புதுப்பிக்கிற முறை வந்தது. நடுக்கோட்டை மறுபடி அளக்க அரை மணித்தியாலம் வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, போன வருடம் இரண்டாந்தரம் அளக்கவில்லை என்றாள். அந்த மனிதர் சக்கரத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம். ஞாயிறு காலை, வாகனம் குறைந்த நேரம், பின்னால் அம்புக்குறி மினுங்குகிற லொறி மெல்ல ஊர, வேரோனிக்கா முதல் கோட்டிலிருந்து சக்கரத்தை உருட்டிக்கொண்டு நடந்தாள். எண்ணி ஐந்நூறு வந்தபோது காலடியில் வெறும் தார். நடுக்கோடு இன்னும் முன்னால் கிடந்தது.

ஐந்நூற்றுப் பத்து. திரும்பி வந்து அளந்தாள். ஐந்நூற்றுப் பத்து.

நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரைக்கும் உருட்டினாள். நானூற்றுத் தொண்ணூறு. முதல் கோடும் கடைசிக் கோடும் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருந்தன. அவள் போட்டதுதான் பத்து மீற்றர் கிழக்கே தள்ளி நின்றது.

எப்படி நடந்தது என்று கண்டுபிடிக்க அவளுக்கு வீடு போய்ச் சேரும் நேரம்கூடத் தேவைப்படவில்லை. கோடு போட்ட அந்த ஜூனுக்கு முந்தின மாதம் அவர்களுடைய அறுபது மீற்றர் நாடாவின் மேல் ஒரு லொறி ஏறி, முதல் மீற்றர் அறுந்துபோனது. புதிது வருமட்டும் அதையே வைத்துச் சமாளித்தார்கள். பின்னால் நிற்கிற யோசப் அண்ணை ஒன்று என்ற இலக்கத்தை அடையாளத்தில் வைத்துப் பிடிப்பார். முன்னால் நிற்கிற வேரோனிக்கா ஐம்பத்தொன்றில் சுண்ணாம்புக்கட்டியால் கீறுவாள். இடையில் சரியாக ஐம்பது. ஒரு மாதமாக அப்படியே அளந்து அளந்து அவளுடைய கண் ஐம்பத்தொன்றுக்குப் பழகிவிட்டது.

அன்று மாலை யோசப் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தாள். அவர் அந்த ஜூன் மாதத்தோடு ஓய்வெடுத்து ரூஜில் மகனோடு இருந்தார். கடைசி நாட்களில் எந்த நாடா பிடித்தீர்கள் என்று கேட்டாள். கடைசிக் கிழமை களஞ்சியத்திலிருந்து புதிது ஒன்று எடுத்ததாக அவர் சொன்னார். அதே மஞ்சள், அதே உறை. புதியதில் முதல் மீற்றர் இருந்தபடியால் அவர் ஒழுங்காகச் சுழியத்தை வைத்துப் பிடித்திருக்கிறார். "உமக்கும் தெரியும் எண்டுதான் நினைச்சன் பிள்ளை. புது ரேப் கையில வழுக்குமெல்லோ," என்றார். அவள் கையுறை போட்டிருந்தாள். பழைய பழக்கத்தில் ஐம்பத்தொன்றிலேயே கீறினாள். தடவைக்கு ஒரு மீற்றர் கூட, பத்துத் தடவை, பத்து மீற்றர். இலக்கத்தைப் படித்தது தான்தானே, உங்களில் பிழையில்லை என்று அவருக்குச் சொல்லிவிட்டு வைத்தாள்.

பிறகு பன்னிரண்டு தசம் ஒன்று ஆறு செக்கனை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தாள். ஐந்நூறு மீற்றர் என்று வைத்துத்தான் பொலிஸ் நூற்று நாற்பத்தெட்டு என்று எழுதியது. தம்பி உண்மையில் அந்த நேரத்துக்குள் ஐந்நூற்றுப் பத்து மீற்றர் ஓடியிருக்கிறான். நூற்று ஐம்பத்தொன்று.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு குடும்ப இரகசியமாகக் கிடந்து போயிருக்கும். முதல் பாதியில் பிடிபட்டவர்கள் எல்லோருக்கும் வேகம் குறைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது, ஒருவருக்கும் நட்டமில்லை. ஆனால் நடுக்கோட்டுக்கு அங்கால் இன்னொரு பாதி இருக்கிறதே. அங்கே நானூற்றுத் தொண்ணூறு மீற்றர் ஓடினவனை ஐந்நூறு ஓடினதாகக் கணித்திருக்கிறார்கள். நூற்று நாற்பத்தேழில் போனவனுக்கு நூற்று ஐம்பது என்று வந்திருக்கும். அப்படி ஒருவன் இருந்தால், அவன் தெருவோரத்தில் நின்று தன்னுடைய கார் கொக்கியில் தொங்கிப் போவதைப் பார்த்திருப்பான். வேரோனிக்கா இதைத்தான் எனக்குத் திரும்பத் திரும்பச் சொன்னாள். "அவன் ஆரெண்டு தெரியாது. ஆனா இருக்கிறான்," என்றாள்.

மறுநாள் பின்னேரம் பத்மநாதனுடைய கந்தோருக்குப் போனாள். தம்பியையும் வரச்சொல்லியிருந்தாள். கோடு பிழைதான் என்று அவள் தொடங்கியதும் றெமிஜியஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டானாம். நான் சொன்னேன்தானே, சொன்னேன்தானே என்று பத்மநாதனின் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறான். அவள் மீதியையும் சொல்லி முடித்தாள். அவன் மெல்ல இருந்தான்.

பத்மநாதன் பதறவில்லை. அவர் பார்க்காத வழக்கா? கோடு ஐந்நூறு இல்லை என்பதை மட்டும் சொன்னால் சந்தேகத்தின் பலன் றெமிஜியஸுக்கு வரும், வழக்கே விழுந்துவிடும் என்றார். கூடவா குறையவா என்று அவர்கள் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். முழுவதையும் எழுதிக் கொடுத்தால் அரச தரப்பு வேகத்தைக் கூட்டிக் கேட்க இடமுண்டு, பிறகு ஸ்ரண்ட் என்று போனாலும் போகும் என்று எச்சரித்தார். மற்றப் பாதியில் பிடிபட்டவர்களுக்கும் பரலீகல்மார் இருப்பார்கள். அவர்கள் தங்கள் தங்கள் ஆட்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார்.

"அண்ணை, அவைக்குக் கோடு பிழை எண்டு தெரியாது. எனக்குத்தான் தெரியும்," என்றாள் வேரோனிக்கா.

றெமிஜியஸ் அழுதானாம். வேலை போனால் இந்த வயதில் வேறு எங்கே போவேன் என்று கேட்டிருக்கிறான். அந்த வானில் வருகிற ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் சொல்லியிருக்கிறான். வழக்கு முடியுமட்டும், ஒரே ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறான். அவள் அசையாமல் இருந்ததைக் கண்டு கடைசியில் குரலை உயர்த்தினான்.

"ஆரெண்டே தெரியாத ஒருத்தனுக்காக என்னைக் குடுக்கப்போறியளோ? நான் உங்கட தம்பி."

"தம்பி எண்டபடியால்தான் முதல் உன்னட்டச் சொல்லுறன். கடிதம் நாளைக்குக் காலமை போகும்."

இதை எனக்குச் சொல்லும்போது, தான் அந்த நேரம் கல்லு மாதிரி இருந்ததாகவும், கீழே வந்து பஸ் தரிப்பில் நின்று இரண்டு பஸ்ஸை ஏறாமல் போகவிட்டதாகவும் சொன்னாள். தாய் செத்தபிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். ஊரைவிட்டு வள்ளத்தில் வெளிக்கிட்டபோது அவனுக்கு எட்டு வயது, மடியில் வைத்திருந்தவள். அவனுக்கு ஒன்று என்றால் எங்கள் வரிசைக்கே தெரியும்படி பதறுகிற மனுசி. அதனால்தான் சொல்கிறேன், அந்தக் கடிதம் எழுதுவது அவளுக்கு லேசான வேலையாக இருக்கவில்லை.

அரைப் பக்கம்தான் எழுதினாள். எப்படிப் பிழை வந்தது, எவ்வளவு, எந்தத் திசையில், எந்தத் திகதியிலிருந்து. கடைசியில் ஒரு வரி: இரண்டு தடவை அளந்ததாகக் கையெழுத்து வைத்தேன், ஒரு தடவைதான் அளந்தேன். கொம்பனியின் வழக்கறிஞர் மற்றதெல்லாம் இருக்கட்டும், அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடலாம் என்றார். நாடா மாறியதால் வந்த தவறு என்றாலே போதுமாம். அவள் எடுக்க மாட்டேன் என்றாள். இரண்டு நாள் மாறி மாறிக் கூப்பிட்டுக் கதைத்தார்கள். இரண்டு நாளும் அதே பதில்தான். மூன்றாம் நாள் கடிதம் அவள் எழுதினபடியே நெடுஞ்சாலைப் பகுதிக்கும் பொலிசுக்கும் போனது.

அளக்கிற பொறுப்பை அவளிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்கு நாடாவைத் தொடக்கூடாது. நாற்பத்தேழு வயதில் திரும்பவும் பலகை பிடிக்கிற வேலை. நான் கொதித்துப்போனேன். உண்மையைச் சொன்னதற்கு இதுதான் பரிசா என்று அவளிடமே கத்தினேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது உண்மை சொன்னதற்கு இல்லை, பொய்க் கையெழுத்துக்கு என்றாள்.

மே மாதம் வழக்கு. விமானத்தில் இருக்கும் பொலிஸ்காரர் அடிக்கடி நீதிமன்றம் வரமாட்டார். ஆகவே ஒரே நாளில் பிடித்தவர்களுடைய வழக்குகளையெல்லாம் சேர்த்து ஒரே காலையில் போடுவார்கள். கடிதத்தைப் பற்றிக் கேட்கவேண்டியிருந்தால் கேட்பதற்காக வேரோனிக்காவையும் வரச்சொல்லியிருந்தார்கள். சூசைதாசனுக்கு வேலை. தம்பி மூன்று கிழமையாக அவளோடு பேச்சு இல்லை. ஆகவே நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க வேகமுள் நூறுக்கு மேலே ஏறவேயில்லை. பக்கத்தில் இருந்தது அந்த மனுசியல்லவா.

நீதிமன்றத்துக்கு வெளியே நீளமான நடை. இரண்டு பக்கமும் வாங்கு. எதிர்ப்பக்கத்து வாங்கில் றெமிஜியஸும் பத்மநாதனும் இருந்தார்கள். அவன் எங்களைப் பார்க்கவில்லை. அரச தரப்பிலிருந்து ஒரு பெண் வந்து பத்மநாதனோடு கதைத்துவிட்டுப் போனாள். கோடுகளைச் சர்வேயர்கள் வந்து திரும்ப அளந்தார்களாம், வேரோனிக்கா எழுதினது அப்படியே சரியாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் ரிக்கற்றில் இருக்கும் நூற்று நாற்பத்தெட்டோடு விடுவார்கள். எதிர்த்து வாதாடினால் உண்மையான அளவை முன்வைப்பார்கள். பத்மநாதன் வழக்கைத் தள்ளிப்போடலாம் என்று அவனுடைய காதுக்குள் சொல்வது எங்களுக்குக் கேட்டது. றெமிஜியஸ் எழும்பி உள்ளே போனான். குற்றவாளி என்று சொல்லிவிட்டு வந்தான். பயத்தில் சொன்னானோ புத்தியில் சொன்னானோ எனக்குத் தெரியாது. வந்து பழைய இடத்திலேயே இருந்தான். எச்சரிக்கைக் கடிதத்தோடு வேலை மிஞ்சும்.

அதற்குப் பிறகு உள்ளே போனவர்களில் ஒரு தமிழ்ப் பொடியன் இருந்தான். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். பெயர் அன்புராசா என்று கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் வெளியே வந்தான். வந்தவன் நடையின் நடுவில் நின்றுகொண்டு ஒருவரையும் குறிப்பாகப் பார்க்காமல், ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொல்லத் தொடங்கினான். தனக்கு நூற்று ஐம்பது என்று எழுதினார்களாம். காரைக் கொண்டுபோனார்களாம். ஒரு மாதம் லைசென்ஸ் இல்லாமல் லொறி ஓட்டிச் சாமான் ஏற்றி இறக்குகிற வேலை போனதாம். இப்போது சர்வசாதாரணமாக ஸ்ரண்ட் வழக்கைக் கைவிடுகிறோம், கோடு பிழை என்கிறார்களாம். யாரோ அளந்ததில் பிழையாம். "அது ஆர் எண்டு எனக்கு ஒருக்கா காட்டச் சொல்லுங்கோ," என்றான்.

நான் வேரோனிக்காவின் கையைப் பிடித்தேன். பேசாமல் இரும் என்பதுதான் அந்தப் பிடிக்கு அர்த்தம். அவள் என்னுடைய கையை விலக்கிவிட்டு எழும்பிப் போய் அவனுக்கு முன்னால் நின்றாள்.

"நான்தான்," என்றாள்.

எதிர் வாங்கில் றெமிஜியஸ் நிமிர்ந்தான். அன்புராசா அவளை மேலும் கீழும் பார்த்தான். அவன் கத்துவான் என்று நினைத்து நானும் எழும்பி நின்றேன். அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள்: பழைய நாடா, புது நாடா, மழை, வைத்த கையெழுத்து. அவளுடைய வாயிலிருந்து மன்னிப்பு என்ற சொல் வந்தபோது அவன் கையைக் காட்டி நிற்பாட்டினான். அவனுடைய கண் கலங்கியிருந்தது.

வேலை இன்னொன்று கிடைத்துவிட்டதாம். அது போகட்டும் என்றான். எட்டு மாதமாகத் தன்னுடைய மனுசி தன்னை நம்புகிறாள் இல்லை. நூற்றைம்பது ஓடவில்லை என்று சத்தியம் செய்து பார்த்தும் அவள் அந்தக் கடதாசியைத்தான் நம்புகிறாள். நாலு வயது மகனைத் தன்னுடைய காரில் ஏற்ற விடுகிறாள் இல்லை. பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்திலிருந்து மகனைக் கூட்டிவரக் குளிருக்குள் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறாள். இதைச் சொல்லிவிட்டு அவன் சட்டைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்தான்.

"அக்கா, எனக்கு வேற ஒண்டும் வேண்டாம். இதை அவளுக்குச் சொல்லுவீங்களோ?"

அவள் தொலைபேசியை வாங்கினாள். எதிர்ப்பக்கம் ஒரு பெண்குரல் கேட்டது. வேரோனிக்கா தன்னுடைய பெயரையும் கொம்பனியின் பெயரையும் சொன்னாள். பிறகு, ஒவ்வொரு சொல்லாக வைத்துச் சொன்னாள்:

"உங்கட அவர் நூற்றைம்பது ஓடேல்லை. நான் போட்ட கோடு பிழை. அவர் ஓடினது நூற்றி நாற்பத்தேழு."

அன்புராசாவின் முகம் கொஞ்சம் சுருங்கியது. அந்தக் கடைசி வசனத்தை அவன் எதிர்பார்க்கவில்லை. எனக்கே இந்த இடத்திலுமா என்று இருந்தது. பிறகு அந்தப் பெண் ஏதோ கேட்க, வேரோனிக்கா ஓம் என்றாள், திரும்பவும் ஓம் என்றாள், தொலைபேசியை அன்புராசாவிடம் நீட்டினாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பினபோது கன்னம் நனைந்திருந்தது.

"பின்னேரம் மகனை என்னைப் போய்க் கூட்டிக்கொண்டு வரட்டாம்," என்றான்.

வேரோனிக்கா தலையாட்டினாள். "நூறுக்கு மேல போகாதேங்கோ தம்பி," என்றாள்.

அவன் ஓம் அக்கா என்றான். எதிர் வாங்கில் இருந்த றெமிஜியஸும் அதே நேரத்தில் ஓம் என்றான்.